ஓர் உரு, இரு வேர்: ‘திட்டு’ என்னும் சொல்லை முன்வைத்து

புதுச்சேரி நகரின் தெற்கு ஓரத்தில், ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவில் வரும் ஊர் இது. இந்தப் பெயரின் பிற்பாதியை மட்டும் தனியாக எடுத்து யாரிடம் சொன்னாலும் முதலில் தோன்றுவது ஏச்சுத்தான்: அம்மா திட்டுவது, மேலதிகாரி திட்டுவது. ஊர்ப்பெயரில் இருப்பதோ நீர் நடுவே மேடிட்ட நிலம். எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று. பொருள் மட்டும் ஒட்டவில்லை. இதை ஒரே சொல்லின் இரண்டு பொருள் என்று எடுத்துக்கொள்வதா, இரண்டு தனிச்சொற்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன என்பதா? இரண்டு தனிச்சொற்கள் என்பதே என் முடிவு. அதைவிட முக்கியமானது அந்த முடிவுக்கு வரும் வழி. எழுத்து ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. பொருள் நெருக்கமும் தனியாகச் சான்றாகாது. ஒலிமாற்றத்தின் ஒழுங்கு, சொல் சுட்டும் பொருளின் வரலாறு, சொல் வழங்கிய காலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சொல்லுக்கு யார் உறவு, யார் அயல் என்று சொல்ல முடியும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரியை நெருங்கியதும் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும் ஆறு, கழிமுகத்தில் சரிவு குறைந்ததும் வேகம் இழக்கிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் எதிர்த்து உள்ளே வர, ஆற்றுநீர் தயங்கி நிற்கிறது. சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிடுகிறது. தொடக்கத்தில் வற்றத்தின்போது மட்டும் தலைகாட்டும் மணல், ஆண்டுக்காண்டு வண்டல் படிந்து உயர்கிறது. அலையாத்தியும் சுரபுன்னையும் வேர்விட்டு அந்த வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. இப்படி உயர்ந்து, நீர் சூழ நிற்கும் நிலத்துக்குத்தான் திட்டு என்று பெயர். அதே ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகறியச் செய்த இடம். மேடு என்ற சொல் இருக்கும்போது திட்டு எதற்கு என்று கேட்கலாம். மேட்டுக்கு உயரம் மட்டும் போதும்; சுற்றியிருப்பது வயலா, ஊரா, தோப்பா என்பது பொருட்டில்லை. திட்டுக்கோ உயரத்தோடு பிரிவும் வேண்டும். சுற்றியிருப்பதிலிருந்து அது விலகி நிற்க வேண்டும்.

கடலோரத் தமிழில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. கொள்ளிடம் கடலை அடையும் பகுதியில் முதலைமேடு திட்டு என்று ஓர் ஊர் உண்டு. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் பெயர். மேடு ஏற்கெனவே பெயருக்குள் இருக்கிறது. ஆனாலும் நீர் சூழ்ந்த நிலம் என்பதைச் சொல்லத் திட்டு மறுபடி தேவைப்பட்டிருக்கிறது. பிச்சாவரத்துக் கழிகளில், கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டு இருந்தது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பல உயிர்களைக் கொண்டுபோன மீனவர் குடியிருப்பு அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் உள்ள மணல்திட்டுகளை மூன்றாம் திட்டு, நான்காம் திட்டு என்று எண்ணிட்டே சொல்கிறார்கள். 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிப் படகேறிய தமிழ்க் குடும்பங்களை இந்த மணல்திட்டுகளில்தான் இறக்கிவிட்டுப் போனார்கள். தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதையும், வயலில் பயிர் திட்டுத்திட்டாகக் காய்ந்து கிடப்பதையும் சொல்லும்போது வருவதும் இதே சொல். அங்கே நீரும் இல்லை, உயரமும் இல்லை. சுற்றியுள்ள பரப்பிலிருந்து பிரிந்து தெரிவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. பொருள் விரிந்திருக்கிறது, சொல் ஒன்றுதான்.

இந்தத் திட்டுக்குப் பெரிய குடும்பம் இருக்கிறது. திடர், திடல், திட்டை, திட்டி ஆகிய எல்லாமே உயர்ந்த நிலத்தைக் குறித்தவை. பாடு என்பதன் ஒற்று இரட்டித்துப் பாட்டு ஆவதுபோல, திடர், திடல் இரண்டிலும் ஒற்றையாக நிற்கும் டகரம் திட்டு, திட்டை இரண்டிலும் இரட்டித்து நிற்கிறது. மலையாளத்தில் திட்ட என்றால் கரை, மேட்டு நிலம். தெலுங்கிலும் திட்ட என்பது குவியலையும் மேட்டையும் குறிக்கும். கன்னடத்தில் திண்ணெ மேடு. தஞ்சைக்கு அருகில் உள்ள தென்குடித்திட்டை ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம்; ஊழி வெள்ளத்திலும் மூழ்காமல் நின்ற மேடு என்று அதன் தலக்கதை சொல்கிறது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் திட்டை என்றால் வெள்ளத்துக்கு மேலே நிற்கும் நிலம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த அளவில் அது நல்ல சான்று.

இனி இன்னொரு திட்டு. ஏசுவதைக் குறிக்கும் இந்தச் சொல் தெலுங்கிலும் இதே உருவில், இதே பொருளில், வினையாகவும் பெயராகவும் வழங்குகிறது. தமிழிலும் அப்படியே: திட்டினார், திட்டு வாங்கினான். பழந்தமிழில் இந்த வேலையைச் செய்தவை வைதல், ஏசுதல் போன்ற சொற்கள். மேடாகிய திட்டுக்குத் திடர், திடல், திட்டை என்று உறவினர் இருப்பதுபோல ஏச்சாகிய திட்டுக்குக் கிடையாது. மேடாகிய திட்டு வினையாக வருவதும் இல்லை. மணல் ‘திட்டுகிறது’ என்று யாரும் சொல்வதில்லை, மேடிடுகிறது என்றே சொல்கிறார்கள். தெலுங்கைப் பார்த்தால் பிரிவு இன்னும் வெளிப்படை: அங்கே ஏச்சு திட்டு, மேடு திட்ட. ஈற்றுயிரே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் மட்டும் இரண்டும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. திட்டி என்ற உருவிலும் இதே நிலைதான். மேடு என்ற பொருளில் திட்டி திராவிடச் சொல். கண்ணேறு என்ற பொருளில் வரும் திட்டியோ வடமொழியின் திருஷ்டி, பிராகிருதத்தின் திட்டி வழியாகத் தமிழுக்குள் வந்தது. இரண்டையும் ஒன்றென்று கொண்டால், மேட்டு நிலத்துக்கும் கண்ணேறுக்கும் ஒரு தொடர்பைக் கற்பனை செய்ய வேண்டிவரும். கற்பனை செய்வது எளிது. அதனாலேயே அது ஆபத்தானது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் முதலிய ஜெர்மானிய மொழிகள் ஒரே குடும்பம். எழுதுவதும் ஒரே ரோமன் எழுத்தில். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டில் வேறு வேறு சொற்கள் அங்கே நிறைய. ‘பார்ன்’ என்பது ஆங்கிலத்தில் தானியமும் கால்நடையும் வைக்கும் பண்ணைக் கட்டடம். ஸ்வீடிஷில் அதே எழுத்துகளில் எழுதும் சொல்லுக்குக் குழந்தை என்று பொருள். ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் பார்லியையும் வீட்டையும் குறித்த இரண்டு சொற்கள் சேர்ந்து, தேய்ந்து உருவானது. ஸ்வீடிஷ் சொல் சுமத்தல், பெறுதல் என்ற வினையிலிருந்து வந்தது, பெறப்பட்டது குழந்தை. இரண்டு வேர், ஓர் உரு. இதற்கு நேர்மாறானது ‘கிஃப்ட்’. ஆங்கிலத்தில் அது பரிசு. ஜெர்மனில் நஞ்சு. ஸ்வீடிஷில் நஞ்சு என்றும் பொருள், மணமானவர் என்றும் பொருள். இதைவிட விலகிய பொருள்களைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அத்தனைக்கும் வேர் ஒன்றே: கொடுத்தல். கொடுக்கப்பட்ட பொருள் பரிசு, கொடுக்கப்பட்ட மருந்தளவு நஞ்சு, கொடுக்கப்பட்ட பெண் மணமானவள். ஜெர்மனில் சீதனத்தைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லுக்குள் பழைய பொருள் இன்றும் பத்திரமாக இருக்கிறது. பொருள் விலகியதால் வேர் வேறு என்றும் சொல்ல முடியாது. உரு ஒன்றானதால் வேர் ஒன்று என்றும் சொல்ல முடியாது.

ஜெர்மானிய மொழிகளுக்கு ரோமன் எழுத்து செய்ததை நமக்குப் புதுச்சேரி செய்கிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகளால் இந்த ஒன்றியப் பகுதிக்குள் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசுகின்றன, மாஹே மலையாளம் பேசுகிறது, ஏனாம் தெலுங்கு பேசுகிறது. ஒரே நிர்வாகத்தின் கீழ் மூன்று திராவிட மொழிகள். ‘பனி’ என்ற சொல்லை இந்த மூன்று ஊர்களிலும் வைத்துப் பாருங்கள். புதுச்சேரியில் அது மார்கழிக் காலையின் பனி. மாஹேயில் காய்ச்சல். ஏனாமில் வேலை. மூன்று சொற்களா, இரண்டா, ஒன்றா? தமிழில் பனித்தல் என்ற வினைக்கு நடுங்குதல் என்ற பழைய பொருள் உண்டு. மலையாளத்தில் பனிக்குக என்றால் காய்ச்சல் காய்தல். குளிரால் நடுங்குவது, காய்ச்சலால் நடுங்குவது இரண்டுக்கும் நடுவே உள்ள நடுக்கம்தான் பொதுவேர். ஆகவே புதுச்சேரிப் பனியும் மாஹேப் பனியும் ஒரே சொல். ஏனாம் பனி அப்படியல்ல. அது நம்முடைய பணி. தெலுங்கில் இயல்பான திராவிடச் சொற்கள் பலவற்றில் நம் ணகரத்துக்கு நேராக னகர ஒலியே வரும். கண் அங்கே கன்னு. மண் அங்கே மன்னு. அண்ணன் அங்கே அன்ன. அதே ஒழுங்கில் பணி அங்கே பனி. மலையாளம் ணகரத்தைக் காப்பாற்றிக்கொண்டதால் மாஹேக்காரருக்கு வேலை பணியாகவும் காய்ச்சல் பனியாகவும் தனித்தனியே நிற்கின்றன. மூன்று பொருள், இரண்டு வேர். கண், மண், அண்ணன் ஆகிய மூன்றும் சாட்சியாக நிற்பதால் இந்தக் கணக்கு ஊகமல்ல.

‘செப்பு’ இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு. தமிழில் செப்பு என்றால் சொல். செப்பு என்றால் செம்பு என்னும் உலோகமும்தான், செப்பேடு என்பதில் வருவது அது. தெலுங்கிலும் செப்பு என்றால் சொல். ஆனால் அங்கே செப்பு என்பதற்குக் காலில் போடும் செருப்பு என்ற பொருளும் உண்டு. சொல்லுவதைக் குறிக்கும் செப்பு இரு மொழிக்கும் பொது. உலோகச் செப்பு, செம்மை நிறத்தைக் குறிக்கும் வேரிலிருந்து செம்பு ஆகி, அதிலிருந்து வலித்து வந்தது. தெலுங்கின் காலணியோ நம் செருப்பேதான். நடுவில் இருந்த ‘ரு’ கரைந்துபோனது. இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. நம் நெருப்பு தெலுங்கில் நிப்பு, நம் பருப்பு தெலுங்கில் பப்பு. நெருப்பு, பருப்பு, செருப்பு மூன்றுக்கும் பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை; ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் ஒரே மாற்றத்தை அடைந்திருக்கின்றன. தொடர்பில்லாத சொற்கள் ஒரே வழியில் மாறும்போதுதான் அங்கே ஓர் ஒலி ஒழுங்கு இருக்கிறது என்று நம்பலாம். உருவம் ஒன்றான செப்புகளைப் பிரித்துக்காட்டுவதும், உருவம் மாறிய செருப்பையும் செப்பையும் சேர்த்துக்காட்டுவதும் அந்த ஒழுங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை இரண்டிலும் தவறான வழியையே காட்டியிருக்கும்.

வடமொழியிலிருந்து வந்த பொதுச்சொற்கள் வேறு வகை. அவசரம் என்றால் நமக்கு விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. சம்சாரம் நமக்கு மனைவியும் குடும்பமும், மலையாளத்தில் பேச்சு. மொழிபெயர்ப்பாளர்களை இவை அலைக்கழிப்பது உண்மை. ஆனால் இவற்றில் வேரைப் பற்றிய ஐயம் இல்லை. அவசர, சம்சார என்ற சொற்களை மூன்று மொழிகளும் வாங்கி, வேறு வேறு வாழ்க்கைத் தேவைக்கு வளைத்துக்கொண்டன. ஜெர்மானிய ‘கிஃப்ட்’ போன்றவை இவை. இவற்றையும் செப்பு, திட்டு போன்றவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, ‘குழப்பும் சொற்கள்’ என்று பெயர் வைப்பது பயணிக்குப் போதும். சொல்லின் வரலாறு தேடுகிறவருக்குப் போதாது.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு, நம் வேர்ச்சொல் ஆய்வு மரபிலிருந்து வருவது. தேவநேயப் பாவாணர் காட்டிய நெறியில் பயின்றவர்கள், ஒரு வேர் எத்தனை தொலைவான பொருள்களையும் பெறக்கூடும் என்பார்கள். மண் குவிந்தால் திட்டு, வசைச்சொல் குவிந்தாலும் திட்டு என்று ஏன் கொள்ளக் கூடாது என்று கேட்பார்கள். 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு முதல் இயக்குநராக இருந்த பாவாணர், தமிழ்ச் சொற்களைத் தமிழுக்குள்ளேயே தேட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது பெரும் பணி. எளிதாகத் தமிழில் விளங்கும் சொல்லுக்கும் வடமொழி மூலம் சொல்லிவந்த பழக்கத்தை அது உலுக்கியது. ஆனால் பொருளை மட்டும் பாலமாக வைத்தால் அந்தப் பாலம் எந்த இரண்டு கரைகளையும் சேர்த்துவிடும். குவிதல் என்று தொடங்கினால் கண்ணேறும் குவியும், கடனும் குவியும், கோபமும் குவியும். எதையும் சேர்க்கக்கூடிய ஒரு முறை எதையும் நிறுவுவதில்லை. ஏச்சுத் திட்டுக்கும் மேட்டுத் திட்டுக்கும் உறவு உண்டென்றால், நடுவே நிற்கும் ஒரு வழக்காவது வேண்டும்: மேடிடுதல் என்ற பொருளில் வினையாக வந்த திட்டு, அல்லது ஏச்சு என்ற பொருளில் வந்த திடர். அப்படி ஒன்று கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வெறும் பொருத்தமான விளக்கம் போதாது.

இரண்டாவது மறுப்பு இலக்கணத்திலிருந்து வரலாம். தொல்காப்பியம் பல பொருள் ஒரு சொல் என்ற வகையை ஏற்கிறது. மா என்பது மரத்துக்கும் விலங்குக்கும் வருவது உரைகளில் காட்டப்படுவது. இலக்கணமே ஒரு சொல் என்று சொல்லும்போது இரண்டு சொல் என்று பிரிப்பது எதற்கு? தொல்காப்பியம் அங்கே பேசுவது, கேட்பவன் எந்தப் பொருளை எப்படி அறிகிறான் என்பதை. உடன் வரும் வினை பொருளைக் காட்டுமா, காட்டாதா, காட்டாவிட்டால் பேசுபவன் எப்படித் தெளிவாக்க வேண்டும் என்பது அதன் அக்கறை. அது பயன்பாட்டின் இலக்கணம். பிறப்பின் வரலாறு அன்று. வரலாற்றுக்கு அருகே அந்நூல் வரும் இடம் வேறு: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காகப் பிரிக்கும் இடம். அண்டை நிலங்களின் சொல்லும் வடமொழிச் சொல்லும் தமிழ்ச் செய்யுளில் வரும் என்றும், அவற்றைத் தனியாக அறிய வேண்டும் என்றும் அது ஒப்புக்கொள்கிறது. ஒரே உருவுக்குள் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த சொற்கள் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பிரிவே இடம் தருகிறது. அதை எடுத்துச் செல்லும் கருவி 1816-இல் எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அருகருகே வைத்துக் காட்டியபோதும், 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியபோதும், 1961-இல் பர்ரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டபோதும் படிப்படியாகக் கூர்மை பெற்றது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. ஒலி ஒழுங்கு என்பதும் அறிஞர்கள் வகுத்ததுதானே. அதை வைத்துப் பிரிப்பதும் சேர்ப்பதும் அவர்கள் விருப்பம்தானே? ஒலியை விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு சொல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்றால் இன்று பலருக்கும் கிறித்தவக் குருவே நினைவில் வருவார். அந்தச் சொல் போர்த்துக்கீசியர் தங்கள் குருவை அழைத்த சொல். தந்தை என்று பொருள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தது 1498-இல். பாதிரிப்புலியூரை அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஊர்ப்பெயரில் இருப்பது பாதிரி மரம். கோயிலின் தலமரமும் அதுவே. இங்கே யாரும் எந்த விதியையும் வகுக்கவில்லை. காலவரிசையே இரண்டு சொற்களையும் பிரித்துவிடுகிறது. எழுத்தில் ஓர் எழுத்துக்கூட மாறாத இரண்டு சொற்கள், முற்றிலும் தொடர்பற்ற மூலங்களிலிருந்து தமிழில் வந்து சேர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காலம் தரும் தீர்ப்பும் ஒலி ஒழுங்கு தரும் தீர்ப்பும் சோதிக்கக்கூடிய இடங்களில் ஒத்துப்போவதால்தான், காலம் கிடைக்காத இடங்களில் ஒலி ஒழுங்கை நம்புகிறோம்.

எதிர்ப்பக்கத்து எச்சரிக்கையும் ஒன்று உண்டு. உருவமும் பொருளும் இரண்டுமே நெருங்கி வந்தாலும் உறவு இல்லாமல் இருக்கலாம். தீவு, திட்டு இரண்டும் தகரத்தில் தொடங்குகின்றன. இரண்டும் நீர் சூழ்ந்த நிலம். தீவின் சிறிய வடிவம் திட்டு என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் தீவு என்பதை வடமொழியின் த்வீபத்தோடு சேர்ப்பது பெருவழக்கு. தீர்வு என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் திட்டுக்கு அங்கே இடமில்லை. அதன் டகரத்தை எந்த வழியும் விளக்கவில்லை. சென்னையில் கூவம் சூழ்ந்த தீவுத்திடலின் பெயரில் தீவும் திட்டின் உறவான திடலும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே திடலுக்கு உயரம் என்ற பொருள் போய்விட்டது. கூட்டம் கூடும் வெளி என்பதே நிற்கிறது.

இனித் தேங்காய்த்திட்டின் முற்பாதி. தேங்காய்க்கு வேரான தெங்கு தென்னையைக் குறிக்கும் பழஞ்சொல். தெங்கு என்பதோடு காய் சேரும்போது முதலெழுத்து நீண்டு, கடைசி எழுத்துக் கெட்டு, தேங்காய் ஆகும் என்று நன்னூல் இந்த ஒரு சொல்லுக்காகவே விதி சொல்கிறது. இது இலக்கணக்காரரின் ஏற்பாடா, மொழியின் நடப்பா? மலையாளம் பதில் சொல்கிறது. அங்கே மரம் தெங்ஙு, காய் தேங்ஙா. மரத்துக்குக் குறில், காய்க்கு நெடில். நம் மாங்காய் அங்கே மாங்ஙா ஆவதுபோல ‘ங்க’ அங்கே ‘ங்ங’ ஆகியிருக்கிறது. நன்னூல் சொன்ன நீட்சி இரு மொழிக்கும் பொதுவான பழைய நிகழ்வு. இப்போது, கழிமுகத்து ஊர் ஆயிற்றே, தேங்குதல் என்ற வினையோடு சேர்த்து ‘நீர் தேங்கும் திட்டு’ என்று ஒருவர் விளக்கினால் என்ன செய்வது? பேச்சில் தேங்காயின் யகரம் மறைந்து தேங்கா என்றே வருவதால் இந்த விளக்கம் கவரும். ஆனால் தேங்குதல் வினையிலிருந்து தேங்கா என்று வந்தால் அது எதிர்மறை. தேங்காத என்றே பொருள் படும். இலக்கணப்படி தேங்காய் என்பதற்கே ‘நீ தேங்கமாட்டாய்’ என்ற பொருளும் உண்டு. நீர் தேங்கும் இடத்துக்கு நீர் தேங்காத இடம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஊர்ப்பெயரில் மரம் வருமே தவிரக் காய் வருமா என்றும் கேட்கலாம். மாங்காடு, புளியங்குடி எல்லாம் மரப்பெயர்தான். ஆனால் குமரிக் கடற்கரையில் தேங்காய்ப்பட்டணம் இருக்கிறது. கடற்கரை ஊர்ப்பெயரில் தேங்காய் வருவது புதிதல்ல. ஆகவே தேங்காய்த்திட்டு என்பதற்கு நேர்ப்பொருளே சரியான பொருள்: தென்னை காய்க்கும், நீர் சூழ்ந்த மேட்டு நிலம்.

இவ்வளவு தூரம் ஒரு சொல்லைத் துருவுவதால் ஆவது என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. உரு ஒன்றாகி வேர் வேறானவற்றை எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவாகக் கொடுக்கும் வழக்கத்தை அது கைக்கொண்டது. இன்று கையடக்க அகராதிகளும் கைபேசிச் செயலிகளும் எல்லாப் பொருளையும் ஒரே பதிவில் வரிசையாக அடுக்குகின்றன. படிக்கும் மாணவருக்கு ஏச்சும் மேடும் ஒரே சொல்லின் இரண்டு முகம் என்ற எண்ணமே பதிகிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்புக் கருவிகளும் இதே குழியில் விழுகின்றன. அகராதி அளவில் இது திருத்தக்கூடிய பிழை. ஊர்ப்பெயரின் அளவில் விளைவு இன்னும் பெரிது. கழிமுகங்களில் திட்டு, படுகை, மேடு, கழி என்ற ஒவ்வொரு சொல்லும் நீருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை ஒவ்வொரு விதமாகக் குறிக்கிறது. திட்டு என்று பெயர் பெற்ற இடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் நீர் இருந்தது. அந்த நீர் ஓடிய தாழ்நிலம் இன்று மனையாகியிருந்தால், பெருமழையில் நீர் அந்த வழியைத் தேடி வரும். பெயரை ஏச்சென்றோ பொருளற்ற ஒலியென்றோ விட்டுவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும். புதுச்சேரி முதல் கோடியக்கரை வரை உள்ள கரையோர ஊர்ப்பெயர்களை, மீனவர்களும் உழவர்களும் சொல்லும் பொருளோடும், அண்டை மொழி உறவோடும், அந்த நிலத்தின் உயரத்தோடும் சேர்த்துப் பதிவு செய்வது பல்கலைக்கழகங்களும் அரசும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. வேர் வேறான சொற்களைப் பிரித்தும், உரு மாறிய உறவுகளைச் சேர்த்தும் அதைச் செய்தால், மொழி ஆய்வாளருக்கும் நகரத்தைத் திட்டமிடுகிறவருக்கும் அந்தப் பதிவு ஒரே அளவில் பயன்படும்.